பழைய எஞ்சினும் பட்டப் படிப்பும்

நம்மவர்களில் மோட்டார் வண்டி வைத்திருக்கிறவர்கள் அநேகர். அதன் முன்பக்கத்து மூடியைத் தூக்கிப் பார்த்தவர்கள் சிலர். உள்ளே கையை விட்டவர்கள் மிகச் சிலர். வண்டி வழியில் நின்றுவிட்டால், "மெக்கானிக்கைக் கூப்பிடு" என்பதற்கு மேல் நமக்கு வேறு மந்திரம் தெரியாது. அவர் வருவார், முழங்கை வரையில் எண்ணெயாக ஏதோ செய்வார், வண்டி புறப்படும். கூலி கொடுப்போம், மரியாதையாகக் காப்பியும் கொடுப்போம். ஆனால் நம் வீட்டுக் குழந்தை ஒன்று, "நானும் அந்த வேலைக்குப் போகிறேன்" என்று சொல்லிவிட்டால் மட்டும் வீடு அல்லோலகல்லோலப்பட்டுப் போகும்.

நான் இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரத்தில் பௌதிகம் கற்பிக்கும் பள்ளிக்கூட உபாத்தியாயர். வயது நாற்பத்தேழு. சர்வகலாசாலைப் பட்டம் உண்டு. பெட்ரோல் எஞ்சின் வேலை செய்யும் விதத்தைக் கரும்பலகையில் இருபது வருஷமாகப் படம் போட்டு விளக்கி வருகிறேன். உண்மையான பிஸ்டன் ஒன்றைக் கையில் எடுத்து அதன் கனத்தை அறிய வேண்டும் என்ற ஆசை நெடுநாளாக இருந்தது. அந்த ஆசையின் பலனாக 2024-ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில் ஒரு பழைய வண்டி எங்கள் கொட்டகைக்கு வந்து சேர்ந்தது.

அது போர்ஷே 944 டர்போ. ஜெர்மனியில் 1986-இல் செய்தது. நாலு கை மாறி வந்த வண்டி. விற்றவர் உண்மையை மறைக்கவில்லை. "எஞ்சினுக்குள் மந்தமாக ஒரு தட்டல் கேட்கிறது, சூடேறினால் ஆயில் முள் எழும்ப மாட்டேன் என்கிறது" என்று சொல்லி, விலையையும் அதற்குத் தக்கபடி குறைத்தார். என் சகதர்மிணி வண்டியைச் சுற்றி ஒரு பிரதட்சிணம் வந்தாள். "ஓடாத வண்டியை விலை கொடுத்து வாங்குவதற்கா இவ்வளவு படித்தீர்கள்?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான்.

டர்போ என்பது என்ன என்று சில நேயர்கள் கேட்கலாம். எஞ்சினில் சக்தி பிறப்பது பெட்ரோல் காற்றோடு கலந்து எரிவதால். காற்று அதிகமாக உள்ளே போனால் பெட்ரோலையும் அதிகமாக எரிக்கலாம். ஆனால் சிலிண்டரைப் பெரிதாக்காமல் அதிகக் காற்றைத் திணிப்பது எப்படி? எரிந்து முடிந்து வெளியேறும் புகையில் சூடும் வேகமும் இன்னும் மிச்சமிருக்கின்றன. அவை வீணாகத்தானே போகின்றன? அந்தப் புகையின் வழியில் ஒரு சிறு சக்கரத்தை வைத்தால் அது சுழலும். அதே அச்சின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை இறுக்கி எஞ்சினுக்குள் தள்ளும். ஸ்விட்ஸர்லாந்து தேசத்து எஞ்சினியர் ஆல்பிரெட் பூகி 1905-இலேயே இந்த யோசனையைப் பதிவு செய்துகொண்டார். பொதுமக்கள் வாங்கும் கார்களில் இது 1962-இல் அமெரிக்காவில் வந்தது. 944 வண்டியில் டர்போ உள்ள எஞ்சினும் ஆதியில் வந்த டர்போ இல்லாத எஞ்சினும் ஒரே கொள்ளளவு. 2,479 கன சென்டிமீட்டர். ஆனால் டர்போ இல்லாததற்கு 163 குதிரை சக்தி. டர்போ உள்ளதற்கு 220. வீணாகப் போகும் புகை செய்யும் உபகாரம் இவ்வளவு!

உபகாரத்துக்கு விலையும் உண்டு. அந்தச் சின்ன அச்சு நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். புகைப் பக்கத்துச் சக்கரம் நெருப்பாய்க் காயும். எஞ்சினை நிறுத்திய பிறகும் அந்தச் சூடு ஆயிலைக் கருக்கிவிடக் கூடும். ஆகையால் வண்டி நின்ற பின்பும் சிறிது நேரம் தானே ஓடி டர்போவுக்குத் தண்ணீர் அனுப்பும் மின்சாரப் பம்ப் ஒன்றை இதில் வைத்திருக்கிறார்கள். இத்தகைய எஞ்சினுக்கு ஆயில்தான் பிராணன். ஆயிலை உரிய காலத்தில் மாற்றாமல் ஓட்டினால், அது பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் தட்டத் தொடங்கும்.

வண்டி வந்த அதே மாதத்தில்தான் எங்கள் வீட்டில் வேறொரு தட்டலும் கேட்டது. பதினேழு வயதான என் மகள், பரீட்சைகளில் நல்ல மார்க்கு வாங்குகிறவள், தான் சர்வகலாசாலைக்குப் போகப் போவதில்லை என்றாள். யந்திரப் பாகங்கள் செய்யும் பட்டறை ஒன்றில் அப்ரண்டிஸாகச் சேர விரும்புவதாகவும் சொன்னாள். என் மனைவி ஒன்றும் பேசாமல் சமையலறைக்குள் போய்விட்டாள். திருச்சியிலிருந்து என் தமக்கை டெலிபோனில், "கையில் எண்ணெய் பூசிக்கொள்வதற்கா சமுத்திரம் தாண்டிப் போனீர்கள்? பட்டம் இல்லாத பெண் என்று ஊரில் எப்படியடா சொல்வது?" என்றாள். நான் சரியென்றும் சொல்லவில்லை, கூடாதென்றும் சொல்லவில்லை. "ஈஸ்டர் விடுமுறை வரையில் சனி ஞாயிறுகளில் என்னோடு இந்த எஞ்சினில் வேலை செய். பிறகு பேசுவோம்" என்று மகளிடம் சொன்னேன்.

இந்த வண்டியில் கியர்ப் பெட்டி பின்சக்கரங்களின் பக்கம் இருக்கிறது. பாரம் முன்னும் பின்னும் ஏறக்குறையச் சமமாக இருக்க வேண்டும் என்பதற்காக அப்படி. ஆகவே எஞ்சின் மட்டும் தனியாக வெளியே வரும். சங்கிலிக் கப்பி ஒன்றை வாடகைக்கு எடுத்து அதைத் தூக்கினோம். கழற்றுவது சுலபம், எதை எங்கிருந்து கழற்றினோம் என்று நினைவு வைப்பதுதான் கடினம். என் மகள் முதல் நாளே ஒரு நோட்டுப் புத்தகம் போட்டாள். வீட்டில் சேர்ந்திருந்த ஊறுகாய்ப் பாட்டில்களையெல்லாம் கழுவி, ஒவ்வொரு இடத்துத் திருகாணிகளையும் ஒவ்வொரு பாட்டிலில் போட்டுச் சீட்டு ஒட்டினாள். அவளுடைய சரித்திர நோட்டில்கூட நான் அவ்வளவு அழகான கையெழுத்தைக் கண்டதில்லை.

கிராங்க் ஷாப்டைத் தழுவிப் பிடித்திருக்கும் பேரிங் தகடுகளை எடுத்தபோது தட்டலின் காரணம் தெரிந்தது. நல்ல தகடு சாம்பல் நிறமாக மழமழவென்று இருக்கும். இரண்டாவது கனெக்டிங் ராடின் தகட்டில் அந்தப் பூச்சுத் தேய்ந்து, அடியிலிருந்த செம்பு நிறம் வெளியே தெரிந்தது.

இங்கே ஒரு சங்கதி சொல்ல வேண்டும். ஓடுகிற எஞ்சினில் உருக்கு அச்சும் பேரிங்கும் ஒன்றையொன்று தொடுவதில்லை. இரண்டுக்கும் நடுவே ஆயில் படலம் ஒன்று நிற்கிறது. அச்சு அதன் மேல் மிதந்துகொண்டே சுழல்கிறது. அந்த இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய நூறில் ஐந்து பங்கு. தலைமயிரின் கனத்திலும் குறைவு. இடைவெளி குறைந்தால் ஆயில் நுழையாது. அதிகமானால் ஆயில் நிற்காமல் வழிந்து ஓடிவிடும், முள் இறங்கும், பிறகு உலோகத்தை உலோகம் தட்டும்.

கிராங்க் ஷாப்டையும் சிலிண்டர் பிளாக்கையும் நகரத்தின் கோடியில் உள்ள ஒரு லேத் பட்டறைக்குக் கொண்டு போனோம். பட்டறைக்காரர் அறுபது வயதைத் தாண்டிய ஆங்கிலேயர். பதினாறாவது வயதில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தவர். கிராங்க் ஷாப்டை வாங்கி வைத்துக்கொண்டு, "நாளைக்கு வாருங்கள்" என்றார். இன்றே அளக்கக் கூடாதா என்று கேட்டேன். "இது குளிரில் வந்திருக்கிறது. என் மைக்ரோமீட்டர் அறைக்குள் இருக்கிறது. இரண்டும் ஓர் இரவு ஒரே இடத்தில் இருக்கட்டும்" என்றார். ஐம்பது மில்லிமீட்டர் உருக்கு பத்து டிகிரி சூடேறினால் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஆறு பங்கு பெருக்கும். அந்தச் சூத்திரத்தை வருஷந்தோறும் நான் பிள்ளைகளுக்கு எழுதிப் போடுகிறேன். அவர் அதை எழுதவில்லை, அதன்படி நடந்துகொண்டிருந்தார்.

மறுநாள் அவர் மைக்ரோமீட்டரை என்னிடம் கொடுக்காமல் என் மகளிடம் கொடுத்தார். "ஒரே இடத்தை மூன்று தரம் அளந்து, மூன்று விடையையும் எழுதிக் காட்டு" என்றார். அவள் அளந்தாள், மூன்றும் மூன்று விதமாக இருந்தன. "கோளாறு உருக்கில் இல்லை, விரலில் இருக்கிறது. திருகை இறுக்காதே, தொட்டதும் நிறுத்து" என்றார். அரை மணி நேரம் கழித்து மூன்று விடையும் ஒன்றாக வந்தன. அதற்குப் பிறகுதான் அவர் தாமே அளந்து ஒப்பிட்டுப் பார்த்தார். கிராங்க் ஷாப்ட் கெடவில்லை. மெருகிட்டுப் புதுப் பேரிங் போட்டால் போதும்.

அடுத்தது சிலிண்டர்கள். இந்த எஞ்சினில் சிலிண்டர்களுக்குள் இரும்பு உறை கிடையாது. அலுமினியத்தோடு சுமார் 17 சதவிகிதம் சிலிக்கன் கலந்து வார்த்திருக்கிறார்கள். மேற்பரப்பில் அலுமினியத்தை மிக மெல்லியதாகக் குறைத்து, கடினமான சிலிக்கன் மணிகள் தலைநீட்டும்படி விட்டிருக்கிறார்கள். பிஸ்டன் ரிங்குகள் வழுக்கிச் செல்வது அந்த மணிகளின் மேல். இரும்புச் சிலிண்டரைத் தேய்ப்பது போல் இதையும் கல் வைத்துத் தேய்த்தால் மணிகள் உடைந்து, நல்ல சிலிண்டர் பாழாகும். பட்டறைக்காரர் விளக்கையும் பூதக்கண்ணாடியையும் வைத்துக்கொண்டு நாலையும் வெகு நேரம் பார்த்தார். அளவும் எடுத்தார். பிறகு, "ஜெர்மனியில் செய்தபடியே இருக்கின்றன. இவற்றை யாரும் தொட வேண்டாம்" என்றார். தொட்டிருந்தால் அவருக்கு நல்ல கூலி கிடைத்திருக்கும். தாம் செய்யக் கூடாத வேலை எது என்று தெரிந்திருந்தது. அதைச் சொல்லிக் கூலியை இழக்கவும் மனம் இருந்தது. கல்வியின் பயன் என்று நாம் சொல்வதெல்லாம் வேறு என்ன?

எஞ்சினின் இரு பக்கங்களிலும் இரண்டு நீண்ட தண்டுகள் இருந்தன. என் மகள், "இவை எதையுமே சுழற்றவில்லையே, அப்பா! பின் எதற்காக?" என்று கேட்டாள். நாலு சிலிண்டர் எஞ்சினில் இரண்டு பிஸ்டன் மேலே போகும்போது இரண்டு கீழே வரும். ஆனால் கனெக்டிங் ராடு சாய்ந்து சாய்ந்து போவதால் மேலே போகிற வேகமும் கீழே வருகிற வேகமும் எல்லாக் கணங்களிலும் சரிக்குச் சரியாக இருப்பதில்லை. அதனால் ஒரு சுற்றுக்கு இரண்டு தரம் எஞ்சின் அதிரும். எஞ்சின் பெரிதானால் அதிர்ச்சியும் பெரிது. ஒரு பக்கம் கனம் கூடிய இரண்டு தண்டுகளை இரட்டிப்பு வேகத்தில் எதிரெதிராகச் சுழற்றினால் அதிர்ச்சிக்கு எதிர் அதிர்ச்சியாகி இரண்டும் அடங்கும். இந்த உபாயத்தைக் கண்டவர் பிரெடெரிக் லாஞ்செஸ்டர். எங்கள் பர்மிங்ஹாமில் கார் செய்தவர். பிற்காலத்தில் ஜப்பானிய மிட்ஸுபிஷி கம்பெனி இதைச் சீர்திருத்தியது. போர்ஷே அவர்களிடம் உரிமை பெற்று இந்த எஞ்சினில் வைத்தது. பர்மிங்ஹாமில் பிறந்த யோசனை ஜப்பானும் ஜெர்மனியும் சுற்றிவிட்டு எங்கள் கொட்டகைக்குத் திரும்பி வந்திருந்தது!

பூட்டுகிற வேலையில் முக்கால் பாகம் துடைப்பதுதான். ஆயில் துவாரம் ஒவ்வொன்றையும் தூரிகையால் கழுவி, காற்றால் ஊதி, மறுபடியும் கழுவினோம். புதுப் பேரிங்கில் மெழுகு போன்ற மெல்லிய இழை ஒன்றை வைத்து இறுக்கி, திரும்பக் கழற்றி, இழை நசுங்கிய அகலத்தைக் கொண்டு இடைவெளியைக் கணக்கிட்டாள் என் மகள். ஒவ்வொன்றையும் மூன்று தரம். பல் பெல்ட்டை மாட்டும்போது குறிகளை அவள் ஒரு தரம் பார்ப்பாள், நான் ஒரு தரம் பார்ப்பேன். கையால் எஞ்சினை இரண்டு முழுச் சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடியும் இருவரும் பார்ப்போம். ஓடும்போது அந்தப் பெல்ட் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளைந்து போகும். ஆகையால் யாருக்கும் அலுப்புத் தோன்றவில்லை.

2025 ஏப்ரலில் எஞ்சின் வண்டிக்குள் ஏறியது. பெட்ரோலும் தீப்பொறியும் வராதபடி ஒரு ரிலேயைக் கழற்றி வைத்துவிட்டு, ஸ்டார்ட்டரை மட்டும் சுழற்றினோம். ஆயில் எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்ந்த பிறகே எஞ்சின் எரிய வேண்டும். பத்து விநாடி சுழன்றது. முள் அசையவில்லை. சற்றுப் பொறுத்து மறுபடியும் பத்து விநாடி. அசையவில்லை. ஐந்து மாத உழைப்பும், இரண்டு மாதச் சம்பளமும் அந்த முள்ளின் நுனியில் நின்றன. "ரிலேயைப் போட்டு ஒரு தரம் ஓட்டிப் பார்த்தால் தானே ஏறிவிடாதா?" என்று வாசலிலிருந்து என் மனைவி கேட்டாள். எனக்கும் அந்தச் சபலம் இருந்தது. என் மகள், "கூடாது, அம்மா. பம்ப் உலர்ந்திருக்கிறது; இழுக்க நேரம் ஆகும். ஆயில் இல்லாமல் ஒரு நிமிஷம் ஓடினாலும் புதுப் பேரிங் போய்விடும்" என்றாள். பாட்டரி இளைப்பாறட்டும் என்று அவளே கால் மணி நேரம் காத்திருந்தாள். மூன்றாம் தரம் முள் ஒரு துடி துடித்து மெல்ல மேலே ஏறிற்று. அதற்குப் பிறகே ரிலேயை மாட்டினோம். எஞ்சின் எழுந்தது. தட்டல் இல்லை.

நமக்குப் பட்டப் படிப்பின் மேல் உள்ள மதிப்பு வீணானதல்ல. நம் குடும்பங்களில் பலரைப் பஞ்சத்திலிருந்து கரையேற்றியது அதுதான். ஆயினும், தெரியாததைத் தெரிந்ததாகப் பாவிக்காமல் இருப்பதும், ஒரே விடை மூன்று தரம் வரும் வரையில் நம்பாமல் இருப்பதும், அவசரம் கழுத்தைப் பிடித்துத் தள்ளும்போது காத்திருப்பதும் படிப்பு என்றால், அது சர்வகலாசாலையின் மதிலுக்குள் மட்டும் விளைகிற பயிரல்ல. அந்தப் படிப்பில் என் மகள் தேறிவிட்டாள் என்பதை நான் நேரில் கண்டேன். அப்ரண்டிஸ் விண்ணப்பத்தில் அன்று இரவே கையெழுத்துப் போட்டேன். என் மனைவியும் போட்டாள், சிறிது யோசித்துவிட்டுத்தான்.

அந்த வருஷம் செப்டம்பரில் அவள் வேலையில் சேர்ந்தாள். திருச்சியிலிருந்து என் தமக்கை, "போகட்டும். அவள் என்ன படிக்கிறாள் என்று இங்கே கேட்கிறவர்களுக்கு நான் என்னடா பதில் சொல்வேன்?" என்று கேட்டாள்.

"அளக்கப் படிக்கிறாள் என்று சொல்லு, அக்கா" என்றேன்.