நாரணமங்கலம் முதல் திருச்சி வரை... பத்து மீட்டரில் தொடங்கும் துப்பாக்கி விளையாட்டு!

மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளையும் பூமி, பெரம்பலூர் மாவட்டம் ஆலத்தூர் வட்டம். இங்கே நாரணமங்கலத்தில் ஒரு துப்பாக்கி சுடும் தளம் உண்டு. விளையாட்டுக்கானது அல்ல, போலீஸாரும் படையினரும் பயிற்சி எடுக்கும் இடம். பயிற்சி நாட்களில் அந்தப் பக்கம் ஆடு, மாடு மேய்க்க வேண்டாம் என்று முன்கூட்டியே அறிவிப்பு வரும்.

2021 டிசம்பர் 30-ம் தேதி, புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலையில் பயிற்சியின்போது பாய்ந்த குண்டு, தாத்தா வீட்டில் இருந்த 11 வயது சிறுவனின் தலையில் பட்டது. சில நாட்களில் அவன் இறந்துபோனான். அடுத்த மாதமே நாரணமங்கலம் தளத்துக்கு அருகே, மருதடி ஈச்சங்காட்டில் ஒரு வீட்டில் குண்டு கிடந்தது செய்தியானது. இந்தப் பக்கத்தில் ஒரு பிள்ளை ‘ரைஃபிள் கத்துக்கணும்’ என்றால் வீட்டில் முதலில் பயம் வருவது நியாயம்தான்.

ஆனால், விளையாட்டாகச் சுடுவதன் தொடக்கம் வேறு. பத்து மீட்டர் நீள அறை, ஏர் ரைஃபிள், 4.5 மி.மீ ஈயக் குண்டு. பத்துப் புள்ளி தரும் நடுப்பொட்டு வெறும் அரை மி.மீ. சர்க்கரைத் துகள் அளவு!

துல்லியத்தையே முழு விளையாட்டாக்கியது ‘பெஞ்ச்ரெஸ்ட்’. மேஜை முன் உட்கார்ந்து, துப்பாக்கியை மணல் பைகள் மீது வைத்துச் சுட வேண்டும். குழுச் சுடுதலில் ஐந்து குண்டுகளும் ஒரே துளைக்குள் போனது போலத் தெரிந்தால் சபாஷ். உடல் நடுக்கத்தைப் பை வாங்கிக்கொள்ளும். காற்றை வாங்கிக்கொள்ள ஆளில்லை. அதனால் வழியெங்கும் சிறு கொடிகள் நட்டு, அவை ஆடுவதைப் பார்த்தே விசையை அழுத்துவார்கள். பெரம்பலூர் ஆடிக்காற்றில் அது தனிப் பரீட்சை!

நம்மூர்ப் போட்டிகளில் இதைவிட, ஏர் ரைஃபிளை நின்று சுடுவதே பிரபலம். ஆனாலும் புதிதாக வருபவர்களைப் பல பயிற்சியாளர்கள் முதலில் தாங்கியில் வைத்தே சுடச் சொல்வார்கள். கை ஓய்வாக இருந்தால்தான் மூச்சும் விரலும் செய்யும் தப்பு தெரியும். குண்டே போடாமல் விசையை மட்டும் அழுத்திப் பழகுவதும் உண்டு. சிறுவர்களுக்கு இதுதான் போரடிக்கும் பகுதி.

20 ஜூலுக்குக் குறைவான திறனுள்ள .177 ஏர் ரைஃபிளுக்கு உரிமம் தேவையில்லை. .22 ரைஃபிளுக்குக் கட்டாயம் தேவை; அதன் குண்டு ஒரு கிலோமீட்டரையும் தாண்டிப் பறக்கும். எனவே தோட்டத்தில், கைவிடப்பட்ட சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் சுட்டுப் பார்க்கும் ஆசையெல்லாம் வேண்டவே வேண்டாம்.

பக்கத்தில் இருப்பது திருச்சி ரைஃபிள் கிளப். 2022 ஜூலையில் மாநிலப் போட்டிக்கு நடிகர் அஜித்குமார் வந்து, ஊரே திரண்டதே, அதே இடம்தான். அரியலூரிலிருந்து ரயிலிலேயே திருச்சி போய்விடலாம். ரயில் இல்லாத பெரம்பலூர்க்காரர்களுக்கு நெடுஞ்சாலையில் பஸ்.

இரண்டு ஒலிம்பிக் பார்த்த இளவேனில் வாலறிவன் பிறந்தது பக்கத்து மாவட்டமான கடலூரில். ஆனால், வளர்ந்ததும் ரைஃபிள் பிடித்ததும் குஜராத்தில்.