மிச்சம் வைத்த நேரம்

1996 கோடை விடுமுறையில் என் மனைவியின் அண்ணன் மகன் தன் கம்ப்யூட்டரை எங்கள் வீட்டுக் கூடத்தில் கொண்டுவந்து இறக்கினான். இன்ஜினீயரிங் இரண்டாம் ஆண்டு முடித்திருந்தான். எங்கள் ஊரில் ஏதோ பயிற்சி வகுப்பு, ஒன்றரை மாதம் எங்களோடு தங்கல். அப்பா படுத்திருந்த கட்டிலை எடுத்த பிறகு கூடத்தின் அந்த மூலை இரண்டு வருடமாக வெறுமையாகவே கிடந்தது. அங்கேதான் மேசையைப் போட்டோம்.

ஒரு ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தவன், திரையில் பூமி உருண்டை மெதுவாகச் சுற்றுவதைப் பார்த்து நின்றுவிட்டேன். "உக்காருங்க மாமா, சொல்லித் தர்றேன்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டான். அப்படித்தான் 43 வயதில், வங்கியில் பேரேடு எழுதிக்கொண்டிருந்த நான், வேற்றுக்கிரகவாசிகளோடு சண்டை போடக் கற்றுக்கொண்டேன்.

விளையாட்டின் பெயர் எக்ஸ்-காம். இங்கிலாந்துக்காரர் ஜூலியன் கொல்லாப் தன் தம்பி நிக் கொல்லாப்போடு சேர்ந்து உருவாக்கி, மைக்ரோப்ரோஸ் நிறுவனம் 1994-ல் வெளியிட்டது. கதை 1999 ஜனவரி 1-ஆம் தேதி தொடங்கும். பறக்கும் தட்டுகள் வந்து இறங்குகின்றன. அவற்றை எதிர்க்க 16 நாடுகள் பணம் போட்டு ஒரு படையை அமைக்கின்றன. அந்த நாடுகளின் பட்டியலில் இந்தியாவைக் கண்டதும் எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. யாரோ இரண்டு பேர் எங்கோ உட்கார்ந்து செய்த விளையாட்டில் நம் நாடும் தன் பங்குப் பணத்தை வைக்கிறதே என்று மனைவியை எழுப்பிக் காட்டினேன்.

சண்டை முறை வைத்துத்தான் நடக்கும். முதலில் நம் முறை. நம் ஆட்கள் ஒவ்வொருவராக நகர்வார்கள். முடித்துவிட்டோம் என்று நாம் சொன்ன பிறகே எதிரியின் முறை. நாம் ஒரு மணி நேரம் யோசித்தாலும் எதிரி அசையாமல் நிற்பான். ஒவ்வொரு வீரனுக்கும் ஒரு முறைக்கு இத்தனை என்று நேர அலகுகள் உண்டு, ஐம்பது, அறுபது என்று ஆளுக்கு ஆள் மாறும். சமதரையில் ஒரு கட்டம் நடக்க நான்கு அலகு செலவு. மண்டியிட நான்கு. திரும்பிப் பார்க்கக்கூடச் செலவு உண்டு. துப்பாக்கியால் அவசரமாக ஒரு முறை சுட, அவனுடைய மொத்த நேரத்தில் கால் பங்கு போய்விடும். சம்பளக் கவரை வாங்கி வந்து பால், வாடகை, பள்ளிக் கட்டணம் என்று பிரித்து வைத்துப் பழகிய கைக்கு இந்தக் கணக்கு உடனே பிடிபட்டது.

கணக்குதான் பிடிபட்டது. என் சுபாவம் வேறாக இருந்தது. கொடுத்ததை முழுக்கச் செலவழிப்பதே உழைப்பு என்று நம்பியவன் நான். அலுவலகத்திலும் அப்படித்தான், வீட்டிலும் அப்படித்தான். வீரர்களுக்கு நாமே பெயர் மாற்றி வைக்கலாம் என்று மருமகன் காட்டிக்கொடுத்தான். ஆங்கில எழுத்தில் பெரியப்பா, சித்தப்பா, சின்ன அத்தான் என்று எட்டுப் பேருக்கும் உறவுமுறைகளையே பெயராக வைத்தேன். முதல் சண்டை ராத்திரியில், ஒரு பண்ணை வீட்டருகே. விமானத்தின் சாய்வுப் பலகை வழியாகச் சித்தப்பாவை இறக்கி, கடைசி அலகு தீரும்வரை சோளக்காட்டுக்குள் ஓடவிட்டேன். பின்னாலேயே அத்தானையும் ஓடவிட்டேன். எல்லாருடைய நேரத்தையும் வழித்துத் துடைத்துவிட்டு, திருப்தியோடு முறையை முடித்தேன்.

உடனே திரை மாறும். எதிரி மறைவில் நகர்கிறான் என்று ஒரு படம் வந்து நிற்கும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. எங்கோ ஒரு கதவு திறக்கும் சத்தம், காலடிச் சத்தம், அவ்வளவுதான். நாற்காலி நுனியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான். படம் விலகியபோது, சாம்பல் நிறத்தில் பெரிய தலையும் குச்சி உடம்புமாக ஒருவன் சோளக்கதிர்களுக்கு நடுவே நின்றான். சித்தப்பாவுக்கும் அவனுக்கும் நான்கு கட்டம்கூட இடைவெளி இல்லை. சித்தப்பா அவனை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டுதான் நின்றார். கையில் துப்பாக்கி, துப்பாக்கியில் குண்டு. சுடவில்லை. அவன் சுட்டான்.

"ஏன்டா சுடலை?" என்று மருமகனிடம் கிட்டத்தட்டக் கத்தினேன்.

"எதை வச்சு மாமா சுடுவார்? எல்லா டைமையும் ஓடியே தீத்துட்டீங்களே. அவங்க முறையில நம்ம ஆளு சுடணும்னா, நம்ம முறையில மிச்சம் வச்சிருக்கணும்."

பிறகு திரையின் அடியில் இருந்த சில பொத்தான்களைக் காட்டினான். ஒன்றை அழுத்தினால், சுடுவதற்குத் தேவையான நேரத்தை வீரன் ஒதுக்கி வைத்துக்கொண்டு மீதியில்தான் நடப்பான். எதிரி கண்ணில் பட்டதும் நம் ஆள் தானாகச் சுடுவானா என்பது இரண்டு விஷயங்களைப் பொறுத்தது. ஒன்று அவனுடைய சுறுசுறுப்பு. மற்றது அவனிடம் எவ்வளவு நேரம் செலவாகாமல் இருக்கிறது என்பது. எத்தனை சுறுசுறுப்பானவனாக இருந்தாலும், மிச்சம் பூஜ்யம் என்றால் பெருக்கி வரும் விடையும் பூஜ்யம்தான்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்பாவின் நினைவு வந்தது.

அப்பாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஒரு கண்ணில் ஆபரேஷன் செய்தும் எழுத்து தெளியவில்லை. நாளிதழை யாராவது வாசித்துக் காட்ட வேண்டும். நான் வங்கியிலிருந்து ராத்திரி ஒன்பது மணிக்குத்தான் வருவேன். வேலையை இழுத்துப் போட்டுச் செய்கிறவன் என்று பேர் எடுத்திருந்தேன். யாருடைய பேரேடு டாலி ஆகாவிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், நானும் ஓடுவேன். வீட்டுக்கு வந்தால் சாப்பிடத் தெம்பு இருக்கும், பேசத் தெம்பு இருக்காது. அப்பா நாளிதழை மடித்துத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்திருப்பார். கேட்கமாட்டார். நானும் "நாளைக்கு வாசிக்கிறேன்பா" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிடுவேன். அவர் எதிரிலேயேதான் நின்றேன், சித்தப்பா நின்ற மாதிரி. கையில் ஒன்றும் மிச்சமில்லை.

வாசித்துக் காட்டியவர் எங்கள் கிளையின் தலைமை எழுத்தர். எனக்குப் பதினான்கு வயது மூத்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளை எங்கள் வாசலில் நிறுத்திவிட்டு, "ஐயா முழிச்சிருக்காங்களா தம்பி?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வருவார். தலையங்கத்தில் தொடங்கி வரி விளம்பரம் வரைக்கும் வாசிப்பார். நடுநடுவே அப்பா எதையாவது மறுத்துப் பேசுவார், அவரும் விடாமல் பதில் சொல்வார். அந்த ஒரு மணி நேரம் நான் உள்ளறையில் தூங்கிக்கொண்டிருப்பேன். வாரம் முழுக்க உழைத்தவனுக்குத் தூங்க உரிமை உண்டு என்று நினைத்தேன். 1994-ல் அப்பா போனபோது, நாளிதழ் வந்துவிட்டதா என்று கடைசியாகக் கேட்டதும் தலைமை எழுத்தரிடம்தான்.

அப்படிப்பட்டவரை அலுவலகத்தில் நான் மந்தமானவர் என்று நினைத்திருந்தேன். அதைச் சொல்லத்தான் வேண்டும். நாலரை மணிக்கெல்லாம் தன் வேலையை முடித்துவிடுவார். கூஜாவிலிருந்து நிதானமாகத் தண்ணீர் ஊற்றிக் குடிப்பார். பிறகு மேசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இன்னும் பத்து வவுச்சர் போட்டிருக்கலாமே என்று எனக்குள் பொருமுவேன். அந்த விளையாட்டை ஆடிய பிறகுதான் அவரைக் கவனிக்கத் தொடங்கினேன். ஐந்து மணி வாக்கில் யாராவது ஒருவர் அவர் மேசைக்கு வந்து நிற்பார். பென்ஷன் வராத ஒரு பாட்டி. கையெழுத்து மாறிவிட்டதென்று காசோலை திரும்பிய ஒரு கடைக்காரர். கணக்கில் தப்பு விட்டு முகம் வெளுத்துப்போன புதுப் பையன். எங்கள் மேசைகளுக்கு அவர்கள் வந்ததில்லை. வந்திருந்தாலும், தலையைத் தூக்கிப் பார்க்க எங்களுக்கு நேரம் இருந்திருக்காது.

அவர் ஓய்வு பெற்றுப் போன வருடம் செப்டம்பர் மாத அரையாண்டுக் கணக்கில் என் பேரேடு டாலி ஆகவில்லை. நாற்பது ரூபாய் சொச்சம் இடித்தது. என் கணக்கு அதுவரை இடித்ததே கிடையாது. அது என் பெருமைகளில் ஒன்று. மூன்று நாள் தேடினேன். தேடும்போது பழைய பக்கங்களையும் புரட்டினேன். மாத மொத்தங்களின் ஓரத்தில், கண்ணில் படாத அளவுக்குச் சின்னதாகப் பென்சில் புள்ளிகள். சில புள்ளிகளுக்குப் பக்கத்தில் நான் போட்ட எண் அழகாகத் திருத்தப்பட்டு, அவருடைய சுருக்கொப்பம் இருந்தது. வருடக்கணக்காக, நான் வீட்டுக்குப் போன பிறகோ நான் வருவதற்கு முன்போ, என் கூட்டலை அவர் ஒரு தரம் சரிபார்த்திருக்கிறார். ஒரு நாளும் என்னிடம் சொன்னதில்லை.

சில ஆண்டுகள் கழித்து, பெங்களூரில் வேலையில் இருந்த மருமகன் ஊருக்கு வந்தபோது எக்ஸ்-காம் பற்றி ஒரு சங்கதி சொன்னான். அந்த விளையாட்டில் ஐந்து நிலைகள் உண்டு, புதியவருக்கானதில் தொடங்கி மனித சக்திக்கு மீறியது வரை. கடைசி நிலையைத் தேர்ந்தெடுத்து, செவ்வாய்க் கிரகத்தில் சிடோனியா என்ற இடத்தில் நடக்கும் இறுதிச் சண்டை வரை போய் ஜெயித்ததை நான் அடிக்கடி சொல்லிக்கொண்டிருப்பேன். "மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. அந்த கேம்ல ஒரு பிழை இருந்திருக்கு. எந்த நிலையில ஆரம்பிச்சாலும், முதல் சண்டை முடிஞ்சு சேமிச்சதைத் திரும்பத் திறந்தா, அது தானாவே புதியவர் நிலைக்கு இறங்கிடுமாம். யாருக்கும் தெரியல." விளையாடியவர்கள் பலர் கடைசி நிலையே சுலபமாக இருக்கிறதென்று குறை சொல்ல, 1995-ல் அடுத்து வந்த டெரர் ஃப்ரம் தி டீப் என்ற விளையாட்டை மிகவும் கடினமாக்கிவிட்டார்களாம். அதில் பலர் திணறிப்போனார்களாம்.

எனக்கு வருத்தமே வரவில்லை. பென்சில் புள்ளிகளை ஏற்கெனவே பார்த்துவிட்டவன் அல்லவா? அந்த விளையாட்டே அப்படிப் பிழைத்து வந்ததுதான் என்று பின்னால் படித்தேன். மைக்ரோப்ரோஸை வேறொரு அமெரிக்க நிறுவனம் வாங்கியபோது, இதை நிறுத்திவிடச் சொல்லி உத்தரவு வந்திருக்கிறது. இங்கிலாந்து அலுவலகத்தில் இருந்த சிலர் அதைச் சகோதரர்களிடம் சொல்லாமலேயே வேலையைத் தொடரவிட்டிருக்கிறார்கள். அண்ணனும் தம்பியும் தங்கள் திறமையால்தான் அதை முடித்தார்கள். அதில் சந்தேகமில்லை. ஆனால் அவர்கள் தலைக்கு மேல் யாரோ குடை பிடித்திருந்ததை அப்போது அவர்கள் அறியவில்லை.

தலைமை எழுத்தரைப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன். புள்ளிகளைப் பற்றிக் கேட்டேன். நினைவில்லாதவர் போல முதலில் மழுப்பினார். விடாமல் கேட்டதும், "நீங்க வேகமா எழுதுறவர் தம்பி. வேகமா எழுதுறவருக்குப் பின்னால ஒருத்தர் மெதுவாப் பார்க்கணும். எனக்கு நேரம் இருந்துச்சு" என்றார். எனக்கு நேரம் இருந்தது என்று நான் யாரிடமும் அதுவரை சொன்னதில்லை. நேரம் இல்லை என்று சொல்வதைத்தான் மரியாதை என்று வைத்திருந்தேன்.

அதற்குப் பிறகு நான் பெரிதாக மாறிவிட்டேன் என்று சொல்லமாட்டேன். நாலரைக்கு முடிக்கப் பார்ப்பேன். முடியாத நாட்களே அதிகம். முடிந்த நாட்களில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். முதல் சில வாரம் யாரும் வரவில்லை. பிறகு ஒரு நாள் புதுப் பையன் ஒருவன் வந்து, "சார், ஒரு நிமிஷம்" என்று நின்றான்.

இப்போது எனக்கு 72. என் பேத்தி அதே விளையாட்டின் புதிய வடிவத்தை ஆடுகிறாள். 2012-ல் ஃபிராக்சிஸ் நிறுவனம் புதுப்பித்து வெளியிட்டது. நேர அலகுக் கணக்கை எடுத்துவிட்டு, ஆளுக்கு இரண்டு செயல் என்று சுருக்கியிருக்கிறார்கள். ஆனால் ஒரு செயலை மட்டும் செய்துவிட்டு, மற்றதைச் செலவழிக்காமல் காவலுக்கு வைக்கலாம். எதிரியின் முறையில் யாராவது அசைந்தால் அப்போது நம் ஆள் சுடுவான். பழைய கணக்கின் சாரத்தை விடவில்லை என்பதில் எனக்கு நிம்மதி. மற்றபடி அந்தப் பச்சை ஒளியும் படபடப்பும் என் கண்ணுக்கு ஒத்துக்கொள்வதில்லை. போன மாதம்தான் எனக்கும் புரை ஆபரேஷன் ஆனது.

நேற்றுச் சாயங்காலம் ஒரு கட்டடத்துக்குள் அவளுடைய ஆட்கள் நாலு பேர் மாட்டிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, தெரிந்தும் தெரியாமலும் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று பேரைக் காவலுக்கு வைத்துவிட்டாள். நாலாவது ஆளின் மேல் அம்புக்குறியை வைத்து யோசித்தவள், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சட்டென்று எழுந்தாள்.

"ஆறு மணி ஆயிடுச்சு தாத்தா. மருந்து போடணும்ல?"

"முடிச்சுட்டு வாம்மா. நடுவுல விட்டா அவங்க வந்துடப் போறாங்க."

"வர மாட்டாங்க. நான் முடிக்கிற வரைக்கும் அப்படியேதான் நிப்பாங்க."

தலையைச் சாய்க்கச் சொன்னாள். ஒரு கையால் இமையை மெதுவாக விரித்துப் பிடித்து, மறு கையால் ஒரு சொட்டு விட்டாள். ஐந்து நிமிடம் கண்ணைத் திறக்கக்கூடாது. நாளிதழைப் பிரிக்கும் சத்தம் கேட்டது. "எதை வாசிக்கட்டும் தாத்தா?" என்றாள். தலையங்கத்திலிருந்து ஆரம்பிக்கச் சொன்னேன்.