கடையை எந்தத் தெருவில் வைப்பார்கள்?

தாம்பரம் ஸ்டேஷனில் இறங்கி மேற்குப் பக்கம் வந்த மூன்று கல்லூரி மாணவர்கள் டீக்கடையில் நின்று சண்டை போட்டுக் கொண்டிருந்தார்கள். விஷயம் கஞ்சா! "கனடாவுல 2018லயே விட்டுட்டான், அமெரிக்காவுல பாதி மாநிலத்துல விக்கிறான், நம்மூர்ல மட்டும் ஏன்டா இப்படி?" என்றான் ஒருவன். "உனக்கு வேணும்னா நேரா சொல்லு" என்று அடுத்தவன் கலாய்த்தான். அதுவரை பேசாமல் இருந்த மூன்றாமவன் மட்டும் ஒன்று கேட்டான்: "சரி, சட்டம் வந்துடுச்சுன்னு வை. கடையை எந்தத் தெருவுல வைப்பான்? உன் தெருவுலயா, என் தெருவுலயா?"

டீ ஆறும் வரை பதில் வரவில்லை.

நியாயமான கேள்விதான். அமெரிக்காவில் பெரிய சண்டையே அங்கேதான் நடந்தது. கொலராடோ மாநில மக்கள் 2012ல் ஓட்டுப் போட்டு கஞ்சாவை அனுமதித்தார்கள். ஆனால் "எங்கள் ஊருக்குக் கடை வேண்டாம்" என்று சொல்லும் உரிமையும் அதே திருத்தத்தில் ஊர்களுக்கு இருந்தது. மாநிலத்தின் இரண்டாவது பெரிய நகரமான கொலராடோ ஸ்பிரிங்ஸின் நகர மன்றம் 2013ல் 5க்கு 4 என்ற கணக்கில் கடைகளுக்குத் தடை போட்டது. ஒரே ஒரு ஓட்டு! மருத்துவத்துக்கு உண்டு, மற்றதற்கு இல்லை. 2024 நவம்பரில் அந்த ஊர் மக்களே ஓட்டுப் போட்டு அனுமதித்த பிறகு, 2025ல்தான் விற்பனை தொடங்கியது. கலிபோர்னியாவிலும் அப்படியே. 2016ல் சட்டம் வந்தது, கடையை ஊர் மறுக்கலாம். ஆனால் வீட்டுக்குள் ஆறு செடி வரை வளர்ப்பவரைத் தடுக்க முடியாது.

இங்கே கதையே வேறு. 1985ல் பாராளுமன்றம் கொண்டு வந்த போதைப்பொருள் சட்டம்தான் எல்லாம். கையில் ஒரு கிலோ வரை இருந்தால் ஒரு வருஷம் வரை ஜெயில், 20 கிலோவைத் தாண்டினால் குறைந்தது பத்து வருஷம். வேடிக்கை என்னவென்றால், அதே செடியின் இலை மட்டும் என்றால் அது இந்தச் சட்டப்படி கஞ்சாவே இல்லை. வடக்கே சில ஊர்களில் அரசு அனுமதியோடு பாங்கு விற்பது அதனால்தான். 2020 டிசம்பரில் ஐ.நா. ஆணையம் மிக ஆபத்தானவை என்ற பட்டியலிலிருந்து கஞ்சாவை எடுக்க 27க்கு 25 என்று வாக்களித்தபோது, ஆதரித்த 27ல் இந்தியாவும் ஒன்று! உள்ளூரில் ஒன்றும் மாறவில்லை. அடுத்த வருஷக் கடைசியில் தமிழ்நாடு போலீஸ் 'ஆபரேஷன் கஞ்சா வேட்டை' தொடங்கியது. பொட்டலத்தோடு மாட்டிய பையனுக்கு அதன்பிறகு பாஸ்போர்ட், வேலை எல்லாமே திண்டாட்டம்தான். இதில் எந்த நகராட்சிக்கும் ஒரு வார்த்தை சொல்ல இடமில்லை.

அப்படியானால் "எங்கள் ஊருக்கு வேண்டாம்" என்ற பேச்சே நமக்கு இல்லையா? ஏன் இல்லை, நம்மிடம்தான் டாஸ்மாக் இருக்கிறதே!

2003 நவம்பரில் அரசே சில்லறை விற்பனைக்கு வந்தது. விதிப்படி பள்ளிக்கூடம், கோயிலிலிருந்து மாநகராட்சியிலும் நகராட்சியிலும் 50 மீட்டர், மற்ற இடங்களில் 100 மீட்டர் தள்ளிக் கடை இருக்க வேண்டும். 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி ஆனது. சிட்லபாக்கம், பெருங்களத்தூர், மாடம்பாக்கம் எல்லாம் அதுவரை பேரூராட்சிகள். ஊர் பெரிதானது, தூரம் பாதியானது!

2017ல் நடந்தது இன்னும் விசேஷம். நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் சொன்னது. தமிழ்நாட்டில் மூவாயிரத்துக்கும் மேல் கடைகள் மூடப்பட்டன. அவை தெருக்களுக்குள் நுழைய, பெண்கள் மறியலில் உட்கார்ந்தார்கள். இன்னொரு பக்கம், ஊருக்குள் போகும் மாநில நெடுஞ்சாலைகளை நகராட்சிகளே தீர்மானம் போட்டு எடுத்துக்கொள்ளலாம் என்று யோசனை போனது. சாலை நகராட்சியுடையது ஆகிவிட்டால் அது நெடுஞ்சாலை இல்லையே! அப்போது நகராட்சிகளில் கவுன்சிலரே கிடையாது. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்து, தனி அலுவலர்கள்தான். அடுத்த நகர்ப்புறத் தேர்தல் 2022 பிப்ரவரியில். ஊரின் பெயரில் தீர்மானம், ஊர்க்காரர் யாரும் இல்லாமல். அப்படி மாற்றிய சாலைகளில் மூன்று மாதத்துக்குக் கடை திறக்கக் கூடாது என்று ஹைகோர்ட் நிறுத்தியது. பிறகு ஜூலையில், நகர எல்லைக்குள் அந்த 500 மீட்டர் தடை பொருந்தாது என்று சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது.

கிராம சபைகள் அக்டோபர் 2லும் ஜனவரி 26லும் மதுக்கடை வேண்டாம் என்று தீர்மானம் போடுவது பல காலமாக நடக்கிறது. நகரத்தில் அதுவும் இல்லாமல் இருந்தது. 2022 நவம்பர் 1ல் பகுதி சபைகள் வந்தன. முதல்வர் ஸ்டாலினே தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் நடந்த சபைக்கு வந்தார். தெருவிளக்கு, குப்பை, தண்ணீர் பற்றிப் பேசலாம், நல்லதுதான். ஆனால் கடையை வைப்பதும் எடுப்பதும் டாஸ்மாக்கும் கலெக்டரும். மாநிலத்துக்கு வருமானம், தெருவுக்கு வாந்தி.

கஞ்சாவைத் திறந்துவிடச் சொல்கிறவர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஒரு பொட்டலத்துக்காகப் படிக்கிற பையனை உள்ளே வைப்பதால் யாருக்கு லாபம்? ஆனால் தெருவைக் கேட்காமல் சாராயம் விற்ற அனுபவம் உள்ள ஊரில், அடுத்த கடைக்கு எப்படி நம்பிக் கையெழுத்துப் போடுவார்கள்?

டீக்கடையில் மூன்றாமவன் கடைசியாகத் தன் வீட்டு விஷயம் சொன்னான். அவன் அம்மாவும் தெருப் பெண்களும் வரிசையில் நின்று மனு கொடுத்தார்களாம். ஐந்து மாதம் கழித்துக் கடை போய்விட்டதாம்.

"அப்புறம் என்னடா, ஜெயிச்சுட்டீங்களே!"

"ரெண்டு தெரு தள்ளித்தான் போச்சு. இப்ப அந்தத் தெரு ஆளுங்க எங்கம்மாகிட்ட வந்து மனு எப்படி எழுதினீங்கன்னு கேக்குறாங்க."