கண்மாய் மண்ணும் பத்து மீட்டரும்

பொங்கலன்று எங்கள் அவனியாபுரத்தில் ஊரே வாடிவாசல் பக்கம் திரண்டு நிற்கும். ஆறாப்பு படிக்கும்போது நான் மட்டும் கவட்டையோடு கண்மாய்க் கரையில் நிற்பேன். எதிரே கல்லின் மேல் ஒரு பவுடர் டப்பா. அடித்தால் ஒரு கல் இடப்பக்கம் போகும், அடுத்தது வலப்பக்கம். தாத்தா பார்த்துவிட்டு, "கல்லெல்லாம் ஒரே மாதிரியாடா இருக்கு?" என்றார். அவ்வளவுதான் பாடம்.

களிமண்ணைப் பிசைந்து, கோலிக்குண்டு அளவுக்கு உருட்டி, நிழலில் காயவைத்து, வெடித்ததைக் கழித்து, உள்ளங்கையில் தூக்கிப் பார்த்துக் கனத்ததையும் தள்ளுவேன். இருபது உருண்டை தேற ரெண்டு நாள். ஆனால் டப்பா "டொங்" என்று விழும்போது ஒரு சந்தோஷம் வரும் பாருங்கள்!

வெளிநாடுகளில் வேட்டைத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் தோட்டாவைத் தாங்களே அடைப்பதும் இதே கிறுக்குதான். மருந்தைக் கிரெயின் கணக்கில் நிறுப்பார்கள்; ஒரு கிரெயின் சுமார் 65 மில்லிகிராம். வேகம் மாறினால் குண்டு விழும் இடமும் மாறும். இங்கே வேட்டையை 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் முடித்துவைத்தது. நல்லதாகப் போயிற்று.

குறிபார்க்கும் ஆசைக்கு ஏர் ரைஃபிள் இருக்கிறது. 10 மீட்டர் தூரத்தில், நடுப்புள்ளியின் விட்டம் வெறும் 0.5 மில்லிமீட்டர். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019 உலகக் கோப்பையில் தங்கம் வென்றது இந்தப் பிரிவில்தான்.

வீட்டில் பிள்ளைகள் கவட்டை கேட்டால் செய்து கொடுங்கள். குருவி வேண்டாம், பவுடர் டப்பா போதும்.