மலையைக் கண்டவன் மௌனமாயிருக்கலாமா?



இந்த வாரம் உங்களைத் தென் அமெரிக்காவிலுள்ள பெரு தேசத்தின் ஒரு மலையடிவாரத்திற்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன். அந்த நாட்டின் மிக உயர்ந்த சிகரமாகிய உவாஸ்கரான் அங்கே 6,768 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. தலைமுறை தலைமுறையாக அதன்மேல் பெய்த பனி இறுகிக் கட்டியாகி, தன் பாரத்தினாலேயே மெல்லக் கீழ்நோக்கி நகர்ந்துகொண்டிருக்கிறது. இப்படி நகரும் பனியைப் பனியாறு என்கிறோம். அந்த மலையின் கீழே யுங்காய் என்னும் பட்டணம் இருந்தது. சதுக்கத்தில் பனை வகை மரங்களும், ஊரின் ஓரத்தில் கல்லறை மேடும், அம்மேட்டின்மேல் கரங்களை விரித்து நிற்கும் கிறிஸ்துவின் சிலையும் இருந்தன.

1962 ஜனவரி 10 அன்று சிகரத்திலிருந்து பெரும் பனிப்பாளம் ஒன்று பெயர்ந்து விழுந்தது. பாறைகளையும் சேற்றையும் வாரிக்கொண்டு வந்து, ரான்ராயிர்கா என்னும் ஊரை மூடியது. ஏறத்தாழ 4,000 பேர் மாண்டார்கள். யுங்காய் மட்டும் இடையிலிருந்த ஒரு மலைமேட்டின் மறைவில் தப்பியது. அன்றுமுதல் அந்த மேடே தங்களுக்கு அரண் என்று அவ்வூரார் நம்பினார்கள்.

அதே ஆண்டில் டேவிட் பெர்னேஸ், சார்லஸ் சாயர் என்னும் இரண்டு அமெரிக்க விஞ்ஞானிகள் அந்தச் சிகரத்தில் ஏறினார்கள். செங்குத்தான பாறைமுகத்தின்மேல் தொங்கிக்கொண்டிருந்த பனியாற்றையும், அதன் கீழே பாறை தளர்ந்திருந்ததையும் கண்டார்கள். அது விழுமானால் யுங்காய் தப்பாது என்று எச்சரித்தார்கள். அந்தச் செய்தி நாளிதழிலும் வெளிவந்தது. விளைவு என்ன தெரியுமா? சொன்னதைத் திரும்பப் பெறாவிட்டால் சிறைக்குச் செல்ல நேரிடும் என்று அதிகாரிகள் அவர்களை மிரட்டினார்கள். இருவரும் நாட்டைவிட்டு வெளியேறினார்கள். ஊரில் அதைப்பற்றிப் பேசுவதும் தடுக்கப்பட்டது.

1970 மே 31, ஞாயிற்றுக்கிழமை. பிற்பகல் மூன்றரை மணிக்குச் சற்றுமுன் 7.9 அளவுள்ள நிலநடுக்கம் பெருவை உலுக்கியது. உவாஸ்கரானின் வடசிகரத்திலிருந்து பனியும் பாறையும் ஒருசேரப் பெயர்ந்தன. மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் மிகுந்த வேகத்தில் வந்த அந்தப் பிரவாகம், அரண் என்று நம்பப்பட்ட மேட்டையும் தாண்டியது. சில நிமிடங்களுக்குள் யுங்காய் இல்லாமற்போயிற்று.

மத்தேயோ காசவெர்தே என்னும் பெரு நாட்டுப் புவி இயற்பியலாளர் அந்நேரத்தில் வாகனத்தில் அவ்வூர்க் கல்லறை மேட்டின் அருகே சென்றுகொண்டிருந்தார். மலையிலிருந்து எழுந்த இரைச்சலைக் கேட்டதும், உடனிருந்தவர்களோடு மேட்டை நோக்கி ஓடினார். சில நொடிகளின் இடைவெளியில் பிழைத்தார். தமக்குச் சற்றுக் கீழே ஒரு மனிதர் இரண்டு சிறு பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்ததைத் தாம் கண்டதாக அவர் பின்னர் தெரிவித்தார். சேறு அந்த மனிதரைப் பற்றிய கணத்தில், அவர் இரண்டு பிள்ளைகளையும் மேட்டின் உச்சியை நோக்கி வீசியெறிந்தார். பிள்ளைகள் பிழைத்தார்கள். அவரைச் சேறு அடித்துக்கொண்டுபோயிற்று. அந்த மேட்டின்மேல் தப்பியிருந்தவர்களாகக் காசவெர்தே எண்ணியவர்கள் 92 பேர். கிறிஸ்துவின் சிலை இன்றும் அங்கே நிற்கிறது.

பிரியமானவர்களே, எரேமியா 36-ஆம் அதிகாரத்தை நினைவுகூருங்கள். யோயாக்கீம் ராஜா குளிர்கால அரண்மனையில் நெருப்பருகே உட்கார்ந்து, தனக்கு வாசிக்கப்பட்ட எச்சரிப்பின் சுருளைத் துண்டுதுண்டாக அறுத்துத் தீயிலே போட்டான். சுருள் எரிந்தது, எருசலேமுக்கு வரவிருந்த அழிவு எரிந்துபோகவில்லை. விஞ்ஞானிகளின் வாயை அடைத்தவர்களால் மலையின்மேலிருந்த பனியாற்றைத் தடுத்து நிறுத்த முடிந்ததா?

ராஜாவின் பாவத்தைப் பேசுவது எனக்கு எளிது. ஆனால் எசேக்கியேல் 33-ஆம் அதிகாரம் ராஜாவோடு பேசவில்லை, என்னோடு பேசுகிறது. பட்டயம் வருவதைக் கண்டும் எக்காளம் ஊதாத ஜாமக்காரனிடத்தில் கர்த்தர் கணக்குக் கேட்கிறார். இந்தப் பகுதியை வாசிக்கும்போதெல்லாம் ஒரு குடும்பம் என் கண்முன் வந்து நிற்கிறது.

நான் முன்பு ஊழியம் செய்த சபையில் ஒரு வாலிபன் இருந்தான். மணமானவன், நல்ல வேலையிலிருந்தவன். கைப்பேசியில் பணம் வைத்துச் சீட்டாடும் பழக்கம் அவனைப் பிடித்திருந்தது. சபையாரில் சிலரிடம் அவன் கடன் கேட்டது என் காதுக்கு வந்தது. ஆராதனை முடியுமுன் அவன் வெளியே சென்று கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பதை நானே கண்டேன். அவனுடைய தகப்பனார் சபையின் மூத்த உறுப்பினர். ஆலயக் கட்டுமானத்திற்குத் தாராளமாகக் கொடுத்தவர். அவர் மனம் நோகுமே என்று தயங்கினேன். “ஜெபித்துக்கொள்வோம்” என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஜெபிக்கவும் செய்தேன். ஆனால் பேசவில்லை. ஓராண்டு கழிந்தது. கடனுக்காக வீடு விற்கப்பட்டது. மனைவி குழந்தையோடு தாய்வீட்டிற்குப் போய்விட்டாள். அந்தப் பெரியவர் என் அறையில் வந்து அமர்ந்து, என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்: “ஐயா, உங்களுக்கு இது முன்பே தெரியுமா?”

“தெரியும்” என்றேன். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. எழுந்து போய்விட்டார். அவர் கடிந்திருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாயிருந்திருக்கும். என்னை எவரும் சிறைக்கு அனுப்புவதாக மிரட்டவில்லை. ஒரு பெரியவரின் முகம் வாடிப்போகுமே என்ற பயம் ஒன்றே என் வாயை அடைக்கப் போதுமானதாயிருந்தது.

எச்சரிப்புக்குச் செவிகொடுத்தால் என்ன நேரும் என்பதற்கும் அதே மலைத்தொடரில் ஒரு சாட்சி உண்டு. யுங்காயிலிருந்து வெகுதூரமில்லாத கார்வாஸ் பட்டணத்திற்கு மேலே, வால்கான் மலையில், பனியாறு உருகிப் பின்வாங்கிய இடத்தில் ஓர் ஏரி உருவாயிற்று. அதற்கு 513 என்று எண் இட்டார்கள். மேலிருந்து பனி விழுந்தால் ஏரியில் பேரலை எழும்பி, கரையைத் தாண்டிப் பள்ளத்தாக்கை அழிக்கும் என்று பெரு நாட்டுப் பனியாற்று வல்லுநர்கள் கண்டார்கள். செசார் போர்ட்டோகரேரோ என்னும் பொறியாளரும் உடன்பணியாளர்களும் 1990-களின் முற்பகுதியில் பாறையைக் குடைந்து வடிகால்கள் அமைத்தார்கள். ஏரியின் நீர்மட்டம் 20 மீட்டர் தாழ்ந்தது.  இவ்வளவு உழைப்பு எதற்கென்று அப்போது எவரேனும் கேட்டிருக்கலாம்.

2010 ஏப்ரல் 11 அன்று பனியும் பாறையும் அந்த ஏரிக்குள் விழுந்தன. தாழ்த்தப்பட்ட நீர்மட்டம் அலையின் பெரும்பகுதியைத் தாங்கிக்கொண்டது. கரையைத் தாண்டிய வெள்ளம் வயல்களையும் வீடுகளையும் சேதப்படுத்தியது. ஆனால் ஓர் உயிரும் போகவில்லை.

கதை அங்கே முடியவில்லை. அதன்பின் அந்த ஏரியருகே எச்சரிக்கைக் கருவிகள் நிறுவப்பட்டன. 2016-இல் மழை பொய்த்தபோது, அந்தக் கருவிகளே மேகங்களை விரட்டுகின்றன என்று நம்பிய ஊரார் மலையேறிச் சென்று அவற்றைப் பிடுங்கியெறிந்தார்கள். அவர்களை நகைக்க எனக்கு மனமில்லை. வறட்சியில் வாடும் விவசாயியோடு உட்கார்ந்து பேசுவதற்கு ஆள் இல்லாதபோது, மலையின்மேல் நிற்கும் கம்பம் அவனுக்கு அந்நியமாகவே தோன்றும். எக்காளம் ஊதினால் மட்டும் போதாது. ஊதுகிறவன் தன்னை நேசிக்கிறான் என்பதை ஜனங்கள் அறிந்திருக்கவேண்டும். அந்த வாலிபனோடு ஒருநாளாவது அமர்ந்து தேநீர் அருந்தியிருந்தால், பேசுவதற்கு எனக்கு வாசல் திறந்திருக்கும் அல்லவா?

இப்போது அவன் வேறு ஊரில் இருக்கிறான். மாதம் ஒருமுறை நான் அவனோடு பேசுகிறேன். மன்னிப்புக் கேட்டேன். “அன்றைக்கு நீங்கள் சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன், ஐயா” என்றான். அது மெய்யாயிருக்கலாம். எனினும் ஜாமக்காரனிடத்தில் கேட்கப்படும் கணக்கு, அவன் ஊதினானா என்பதே.

இதை வாசிக்கும் தாயே, தகப்பனே, சகோதரனே, நீங்கள் கண்டும் காணாததுபோல் கடந்துபோகிற ஒரு மலை இருக்கிறதா? அதன் அடியில் வாழ்கிறவர் யார்? இந்த வாரத்தில் அவர் வீட்டிற்குச் செல்லுங்கள். முதலில் அவரோடு உட்காருங்கள். பிறகு அன்போடும் நடுக்கத்தோடும் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுங்கள். பிள்ளைகளை மேட்டை நோக்கி வீசிய அந்த மனிதருக்கு ஒரு கணமே இருந்தது. நமக்கோ கர்த்தர் இன்னும் நாட்களைக் கொடுத்திருக்கிறார்.

ஜெபிப்போம்: ஆண்டவரே, காணும்படி கண்களைத் தந்தீர், பேசும்படி தைரியத்தையும் தாரும். நாங்கள் மௌனமாயிருந்த நாட்களை மன்னியும். எங்களை எச்சரிக்கிறவர்களிடத்தில் கோபங்கொள்ளாத இருதயத்தை எங்களுக்குத் தாரும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.