காத்தோங்கில் ஒரு காரைக்கால்

ஊரிலிருந்து உறவினர் வந்தால் சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்களிடம் எழுதாத அட்டவணை ஒன்று தயாராக இருக்கும். முதல் நாள் தேக்காவும் முஸ்தஃபாவும். இரண்டாம் நாள் மெர்லயன், கரையோரப் பூந்தோட்டங்கள். மூன்றாம் நாள் செந்தோசா. நான்காம் நாள் மறுபடியும் முஸ்தஃபா, ஏனென்றால் முதல் நாள் வாங்கியது போதவில்லை. இந்த அட்டவணையில் காத்தோங் வருவதில்லை. லக்சா சாப்பிடப் போவோம், சாப்பிட்டதும் திரும்பிவிடுவோம்.

ஆனால் காத்தோங் ஹோட்டல்களில் தங்கும் நம்மவர்கள் கூடிவருகிறார்கள். விடுமுறைக் காலத்தில் லிட்டில் இந்தியாவில் அறை கிடைப்பது சிரமம். 2024 ஜூனில் மரின் பரேட், தஞ்சோங் காத்தோங், காத்தோங் பார்க் எம்ஆர்டி நிலையங்கள் திறந்தபின் போக்குவரத்தும் எளிதாகிவிட்டது. என் சித்தப்பாவும் சித்தியும் அப்படித்தான் இந்தப் பள்ளி விடுமுறையில் ஈஸ்ட் கோஸ்ட் சாலையில் அறை எடுத்தார்கள். சித்தப்பா காரைக்கால்காரர், நில அளவைத் துறையில் சர்வேயராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வானொலியில் எனக்குப் பிற்பகல் பணி என்பதால், ஒரு காலைப் பொழுதை அவர்களுக்கென்று ஒதுக்கினேன். ஹோட்டலைச் சுற்றி மூன்று, நான்கு கிலோமீட்டர் நடை. அவ்வளவுதான் திட்டம்.

காவல் நிலையத்திலிருந்து கிளம்பலாம்

ஈஸ்ட் கோஸ்ட் சாலையும் ஜூ சியட் சாலையும் சந்திக்கும் முனையில் இருக்கிறது பழைய ஜூ சியட் காவல் நிலையம். 1928-ல் கட்டியது. இப்போது அதன் பின்னால் ஹோட்டல்கள் உயர்ந்து நிற்கின்றன; காவல் நிலையக் கட்டடம் உணவகமாகிவிட்டது. நடையைத் தொடங்க வசதியான இடம் இதுதான்.

ஜூ சியட் என்பது ஒரு மனிதரின் பெயர். சியூ ஜூ சியட் என்ற சீன நிலக்கிழார், இந்த வட்டாரமெங்கும் தோட்டங்களை வாங்கிப் போட்டவர். சாலைக்காகத் தம் நிலத்தைக் கொடுத்ததால் சாலைக்கு அவர் பெயரே நிலைத்தது. ‘காத்தோங்கின் ராஜா’ என்று அவரைச் சொல்வார்கள்.

ஜூ சியட் சாலையில் பத்து நிமிடம் வடக்கே நடந்தால் கூன் செங் சாலை. இளஞ்சிவப்பு, வெளிர்நீலம், பச்சை என்று எதிரெதிரே வரிசையாக நிற்கும் அந்த வீடுகளை நீங்கள் இன்ஸ்டகிராமில் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். 1920-களைச் சேர்ந்தவை. காலை எட்டு மணிக்கே அங்கே கைப்பேசிகளோடு கூட்டம் கூடிவிடுகிறது. சைட்கார் பூட்டிய பழைய வெஸ்பாவில் சுற்றிக் காட்டும் பயணங்களும் உண்டு.

சித்தி படம் எடுப்பதை விட்டுவிட்டு ஒரு வீட்டின் சுவர் ஓடுகளை உற்றுப் பார்த்தார். “இது செட்டிநாட்டு வீடுகள்ல பார்த்த மாதிரியே இருக்கே” என்றார். பூ வேலைப்பாட்டு ஓடு, நடுவில் வானம் பார்த்த முற்றம், வாசலில் காற்று வர விட்டு ஆளை மறைக்கும் அரைக் கதவு. கடல் வணிகத்தில் பணம் சேர்த்த குடும்பங்கள் இரண்டு கரையிலும் ஏறக்குறைய ஒரே காலத்தில் வெளிநாட்டு ஓடுகளை வரவழைத்து வீடு கட்டியிருக்கின்றன. சித்தி சொன்னது தற்செயலான ஒப்பீடு அல்ல.

நகர மறுசீரமைப்பு ஆணையம் 1993-ல் இந்த வட்டாரத்தைப் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தது. 2011-ல் இது சிங்கப்பூரின் முதல் மரபுடைமை நகரமானது. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: இந்த வீடுகளில் மக்கள் குடியிருக்கிறார்கள். படியேறி நின்றும் கதவைப் பிடித்தும் படம் எடுக்க வேண்டாம்.

ஆப்பம் இங்கே ‘அப்போம்’

வந்த வழியே ஈஸ்ட் கோஸ்ட் சாலைக்குத் திரும்பி, கிழக்கே நடந்தால் பெரானாக்கான் கடைகள். பாசிமணி கோத்த காலணி, சரிகைக் கெபாயா, சங்குப்பூச் சாற்றில் நீலம் ஏறிய அரிசி, பாண்டான் இலை மணக்கும் கூவே வகைகள். உள்ளே இறைச்சி வைத்த பண்டங்களும் உண்டு. லக்சாவில் பெரும்பாலும் உலர்ந்த இறால் இருக்கும். சைவம் சாப்பிடுகிறவர்கள் கேட்டு வாங்குவது நல்லது.

பெரானாக்கான் என்றாலே சீன பாபா, நோன்யா என்றுதான் சுற்றுலாக் கையேடுகள் பேசும். மலாக்காவுக்கு வணிகத்துக்குப் போய், அங்கேயே மணம் முடித்து, மலாய் பேசிக்கொண்டு சைவக் கோயில்களுக்குப் போகும் தமிழ் வழிவந்தவர்களும் பெரானாக்கான்களே. அவர்களுக்கு மலாக்காச் செட்டிகள் என்று பெயர். லிட்டில் இந்தியாவின் இந்திய மரபுடைமை நிலையம் 2018-ல் அவர்களைப் பற்றி ஒரு கண்காட்சியே நடத்தியது. பெரானாக்கான் சமையலில் வாழைப்பழக் குழம்பு ஊற்றித் தரும் ‘அப்போம்’ நம் ஆப்பத்தின் உறவுதான். மலாயில் கடைக்குக் ‘கெடாய்’, கப்பலுக்குக் ‘கபால்’. சொற்களும் கப்பலேறித்தான் வந்திருக்கின்றன.

ஒரு பெரானாக்கான் வீட்டை உள்ளே சென்று பார்க்க விரும்பினால், ஜூ சியட் டெரசில் ‘தி இந்தான்’ என்ற வீட்டு அருங்காட்சியகம் இருக்கிறது. முன்பதிவு செய்தால்தான் அனுமதி.

சிலோன் சாலைப் பிள்ளையார்

கடைகளைத் தாண்டிச் சற்று நடந்தால் இடப்பக்கம் சிலோன் சாலை. திரும்பியதுமே ஸ்ரீ செண்பக விநாயகர் ஆலயத்தின் ராஜகோபுரம் தெரியும்.

1850-களில் இங்கே ஒரு குளத்தங்கரையில், செண்பக மரத்தடியில் பிள்ளையார் சிலை கிடைத்தது என்கிறது தல வரலாறு. 1875-ல் எதிர்நாயகம் பிள்ளை என்ற இலங்கைத் தமிழர் அத்தாப்புக் கூரை போட்டு முதல் கோயிலைக் கட்டினார். 1923-ல் சிங்கப்பூர் இலங்கைத் தமிழர் சங்கம் கோயில் பொறுப்பை ஏற்றது. இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் சேதமடைந்து, பிறகு எழுந்தது. இன்றைய கோபுரத்துக்கும் கோயிலுக்கும் 2003-ல் குடமுழுக்கு நடந்தது. உள்ளே நான்கு கருங்கல் தூண்களில், தூணுக்கு எட்டாக விநாயகரின் 32 வடிவங்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. குழந்தைகளைக் கூட்டிப் போனால் எண்ணச் சொல்லுங்கள். அரை மணி நேரம் அமைதியாக இருப்பார்கள்.

யாழ்ப்பாணத்தில் ஆங்கிலப் பள்ளிகளில் படித்தவர்களைப் பிரிட்டிஷார் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வரவழைத்தார்கள். ரயில்வே, பொதுப்பணி, நில அளவை அலுவலகங்களில் எழுத்தர்களாகவும் தொழில்நுட்பப் பணியாளர்களாகவும் வந்தவர்கள் அவர்கள். “சர்வே டிபார்ட்மெண்டா?” என்று சித்தப்பா நிமிர்ந்தார். அதற்குப்பின் பிள்ளையாரை இன்னொரு முறை சுற்றி வந்தார்.

தேக்காவில் நம் இருப்பை யாரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. பூக்கடையும் மசாலா வாசனையும் சொல்லிவிடும். காத்தோங்கில் அதைத் தேடித்தான் படிக்க வேண்டும், பெரும்பாலும் பெயர்ப் பலகைகளில்.

நம்ம ஊர்ப் பெயர்

கோயிலிலிருந்து ஈஸ்ட் கோஸ்ட் சாலையைக் கடந்து ஸ்டில் ரோடு சவுத்துக்கு வந்தோம். காலைப் போக்குவரத்துச் செய்தியில் அடிக்கடி வரும் பெயர். வண்டிகள் ஓயாத பெரிய சாலை. அதையொட்டிய ஒரு சிறு தெருவின் பலகையைச் சித்தப்பா எழுத்துக் கூட்டிப் படித்தார்.

“கரிக்கல் லேன். என்னம்மா இது, நம்ம ஊர்ப் பேர போட்டிருக்கான்?”

ஆமாம், நம்ம ஊர்தான். பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலை எழுதிய எழுத்துக்கூட்டு அது. பக்கத்திலேயே நிற்கிறது அந்தப் பெயருக்குக் காரணமான காரைக்கால் மகால். காரைக்காலிலிருந்து வந்து கால்நடை வணிகத்தில் பெரும் பணம் சேர்த்த மூனா காதர் சுல்தான், நூறாண்டுக்கு முன் கட்டிய கடற்கரை மாளிகை. ‘மூனா’ என்பது தலைப்பெழுத்து. நம் வணிகர்கள் சொல்லும் வழக்கப்படியே ஆவணங்களில் ஏறிவிட்டது. ஆங்கிலப் பத்திரிகைகள் அவரைக் ‘கால்நடை மன்னர்’ என்றன. பிரெஞ்சு அரசு லெஜியன் ஆஃப் ஆனர் விருது கொடுத்தது. தம் மனைவியருக்காகத் தனித்தனி வீடுகளைக் கட்டினார் என்றும் சொல்வார்கள். வளைவுகளும் தூண்களுமாக ஐரோப்பியப் பாணியில் எழுந்த அந்த வளாகத்துக்கு அவர் வைத்த பெயர் மட்டும் சொந்த ஊரின் பெயர்.

1947-ல் மாளிகை கைமாறி ‘கிராண்ட் ஹோட்டல்’ ஆனது. கடற்காற்று வாங்க வந்தவர்கள் பல ஆண்டுகள் அங்கே தங்கினார்கள். 1970-களில் ஸ்டில் சாலையைத் தெற்கே நீட்டியபோது, அது வளாகத்தின் நடுவே போனது. ஒரே வீட்டு மனையாக இருந்த இடத்தில் இன்று சாலைக்கு இந்தப் பக்கம் ஒரு கட்டடம், அந்தப் பக்கம் ஒரு கட்டடம். 2009-ல் இவை பாதுகாக்கப்பட்ட கட்டடங்களாயின. இப்போது இங்கே பாலர் பள்ளி நடக்கிறது. அதனால் உள்ளே போக முடியாது. நடைபாதையில் நின்று பார்க்கலாம்.

சித்தப்பா அங்கே கால் மணி நேரம் நின்றார். நாகப்பட்டினத்திலிருந்து ரஜூலா கப்பல் புறப்படும் நாளில், தம் அப்பா யாரையாவது வழியனுப்பப் போய்விட்டு இரவில்தான் வீடு திரும்புவாராம். “போனவங்கள பத்தி ஊருல கதை இருக்கும். போன இடத்துல என்ன கட்டினாங்கன்னு யாரும் வந்து சொன்னதில்ல” என்றார். பலகையைத் தம் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டார். கூன் செங் சாலையில் அவர் ஒரு படம்கூட எடுக்கவில்லை.

கடல் எங்கே?

பிறகு சர்வேயர் விழித்துக்கொண்டார். “கடற்கரை மாளிகைங்கிற, கடலக் காணோமே?”

கேள்வி நியாயமானது. காத்தோங் என்பது ஒரு வகைக் கடலாமையின் மலாய்ப் பெயர் என்பார்கள். ‘டி தஞ்சோங் காத்தோங்’ என்ற பழைய மலாய்ப் பாடல் பாடுவதும் இந்தக் கடலைத்தான். ஆனால் மாளிகை வாசலில் நின்றால் தெரிவது வீவக அடுக்குமாடிகள்.

1966-ல் தொடங்கிய கிழக்குக் கடற்கரை நில மீட்புப் பணிதான் காரணம். பிடோக், சிக்லாப் பக்கத்துக் குன்றுகளை வெட்டி, மண்ணை நகரும் பட்டைகளில் கடலோரம் கொண்டுவந்து கொட்டினார்கள். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கட்டம் கட்டமாக நடந்த பணியில் 1,525 ஹெக்டர் நிலம் கிடைத்தது. மரின் பரேட் அடுக்குமாடிகள், விரைவுச்சாலை, கிழக்குக் கடற்கரைப் பூங்கா எல்லாம் அந்த மண்ணில் எழுந்தவை. 1879-ல் கட்டப்பட்ட தஞ்சோங் காத்தோங் கோட்டையும் ஒரு காலத்தில் கடலோரத்தில் இருந்ததுதான். பின்னர் புதைந்து மறந்துபோய், 2001-ல் காத்தோங் பூங்காவில் அதன் சுவர் மறுபடி கண்ணில் பட்டது.

மரின் பரேட் சாலையைக் கடந்து, அடுக்குமாடிகளுக்கு நடுவே புகுந்து, விரைவுச்சாலைக்கு அடியில் போகும் சுரங்கப்பாதை வழியாகப் பூங்காவுக்கு வந்தோம். பதினைந்து நிமிட நடை. சித்தப்பா காலடிகளை எண்ணிக்கொண்டே வந்தார். மணலில் நின்று, வந்த திசையைத் திரும்பிப் பார்த்து, “இவ்வளவும் தண்ணியா இருந்துச்சா?” என்றார்.

இந்தக் கரையும் கடைசிக் கரை இல்லை. 2023 நவம்பரில் அரசாங்கம் ‘லாங் ஐலண்ட்’ திட்டத்தை அறிவித்தது. கடல் மட்டம் உயர்வதிலிருந்து தாழ்வான இந்தக் கிழக்குப் பகுதியைக் காக்க, மரினா ஈஸ்ட் முதல் தானா மேரா வரை கடலுக்குள் சுமார் 800 ஹெக்டர் நிலம் உருவாக்கி, நடுவில் ஒரு நீர்த்தேக்கமும் அமைக்கும் திட்டம். பல பத்தாண்டுகள் நடக்கக்கூடிய வேலை. இன்று இங்கே மணல் வீடு கட்டும் பிள்ளைகள், ஒருநாள் தங்கள் பிள்ளைகளிடம் “இங்கேதான் கடல் இருந்தது” என்று சொல்லக்கூடும்.

அதை மறுத்துப் புலம்ப நான் வரவில்லை. நம்மில் எத்தனையோ பேர் வளர்ந்த வீடு மீட்கப்பட்ட நிலத்தில்தான் இருக்கிறது. கடல் போனபிறகும் ஒரு பெயர்ப்பலகை மிஞ்சியதால்தான், காரைக்காலிலிருந்து வந்த ஒருவர் தெருவில் நின்று தம் ஊரைப் படிக்க முடிந்தது. அடுத்த கரை உருவாகும்போது அதன் தெருக்களுக்கும் யாரோ பெயர் வைப்பார்கள். பழைய பெயர்களை அறிந்தவர்கள் அப்போது இருக்க வேண்டும்.

நீங்கள் போவதானால்

காலை ஏழரைக்குத் தொடங்குங்கள். பத்தரைக்கு மேல் வெயில் தாங்காது. மரின் பரேட் எம்ஆர்டியிலிருந்து பழைய காவல் நிலைய முனைக்கு நடந்தே போய்விடலாம். கோயிலுக்குள் போவதற்கு ஏற்ற உடை அவசியம். காத்தோங், ஜூ சியட் வட்டார வரைபடத்தைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டால் வழிகாட்டி தேவைப்படாது. வயதானவர்கள் உடன் வந்தால் கூன் செங் சாலையை விட்டுவிட்டுக் கோயிலில் தொடங்கலாம். அங்கிருந்து காரைக்கால் மகாலுக்குச் சில நிமிடங்கள்தான். கடைசியாகக் கடலுக்குப் போங்கள். குடையும் தண்ணீரும் மறக்க வேண்டாம்.