எட்டும் உயரத்தில் ஒரு பூ

மேற்கு மலையின் அடிவாரத்தில் பிறந்தவர்களுக்குச் செண்பகத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. குற்றாலத்தில் ஓர் அருவியே செண்பகாதேவி என்ற பெயரைத் தாங்கி நிற்கிறது. செங்கோட்டைக்கு மேற்கே எங்கள் தந்தையார் விட்டுச்சென்ற தோட்டத்திலும் ஒரு செண்பகம் உண்டு. எங்கள் இருவருக்கும், அண்ணனுக்கும் தம்பிக்கும், அதன் வயது தெரியாது. நாங்கள் அறிந்த நாள் முதல் அது தென்னைகளுக்கு இணையாக நின்றுகொண்டிருக்கிறது. சாரல் தொடங்கிவிட்டால் போதும், தோட்டத்துக்குள் காலடி வைக்குமுன்பே வாசனை வரப்பில் வந்து வரவேற்கும்.

அந்த மரத்தில் ஏறிப் பூப்பறித்தவரை ஊரே அண்ணாச்சி என்று அழைத்தது, நாங்களும் அப்படித்தான். விடிவதற்கு முன் ஏறி, இடுப்பில் கட்டிய துணிப்பையை நிரப்பிக்கொண்டு, வெயில் விழுமுன் இறங்கிவிடுவார். கோயிலுக்கு ஒரு பங்கு போகும். மீதி சங்கரன்கோவில் பூச்சந்தைக்கு.

2009ஆம் ஆண்டின் ஆடிச் சாரலில் ஒரு நாள், தைலம் வடிப்பவருக்காக என்று ஒரு வியாபாரி கூடுதலாகப் பூ கேட்டார். மரம் நனைந்திருக்கிறது, நாளை பார்க்கலாம் என்றார் அண்ணாச்சி. சொன்ன வாக்கு தவறக் கூடாதே என்று நாங்கள்தாம் வற்புறுத்தினோம். செண்பகத்தின் கிளை எளிதில் முறியக்கூடியது என்பது எங்களுக்கும் தெரியாததன்று. அவர் விழுந்த ஓசையைவிட, அதன்பின் நெடுநேரம் உதிர்ந்துகொண்டிருந்த பூக்களே எங்கள் நினைவில் தங்கிவிட்டன. இடுப்பெலும்பு முறிந்தது. உயிர் பிழைத்தார், நடை திரும்பவில்லை.

மருத்துவச் செலவை நாங்கள் ஏற்றுக்கொண்டோம். அதைக் கணக்குத் தீர்ந்ததாகக் கருதிக்கொள்ள எங்களால் இயலவில்லை. மரத்தை வெட்டிவிடலாம் என்று ஒருமுறை பேசினோம். அண்ணாச்சியே தடுத்துவிட்டார்: “அது என்ன செஞ்சுது?” அந்தக் கேள்வியின் மறுபாதியை அவர் கேட்கவில்லை. நாங்கள் கேட்டுக்கொண்டோம்.

ஆரியங்காவு கணவாயைத் தாண்டிய ஒரு நாற்றங்காலில், அவ்வூரார் ‘லாங்கி லாங்கி’ என்று அழைக்கும் மரத்தை முதன்முதலாகப் பார்த்தோம். உலகம் அறிந்த பெயர் யிலாங் யிலாங். தென்கிழக்காசியாவுக்குரிய மரம். சீத்தாவின் குடும்பம், நம் மனோரஞ்சிதத்துக்கு உறவு. ஆறு நீண்ட இதழ்கள் முறுக்கிக்கொண்டு தலைகீழாகத் தொங்கும் பூவைப் பார்த்தவுடன் அந்த உறவு புலப்பட்டுவிடும். 1921இல் எர்னஸ்ட் போ உருவாக்கிய புகழ்பெற்ற ‘சனேல் எண் 5’ நறுமணத்தில் இதற்கும் இடமுண்டு.

எங்களை நிறுத்தி வைத்தது பூவன்று, மரத்தின் உருவம். தானாக வளரவிட்டால் அறுபதடிக்கு மேல் எழும்பக்கூடிய அந்த மரம், அங்கே ஓராள் உயரத்தில் குடைபோல் கவிழ்ந்து நின்றது. மடகாஸ்கருக்கு அருகிலுள்ள கொமரோஸ் தீவுகளில் இதைத் தோப்புத் தோப்பாக வளர்க்கிறார்கள். அங்கே இளம் பருவத்திலேயே தலைக்குருத்தை வெட்டி, கிளைகளைத் தாழ வளைத்து, பறிப்பவர் தரையில் நின்றபடியே பறிக்குமாறு அடக்கிவிடுவது வழக்கம். பூப்பறிக்க மரமேற வேண்டியதில்லை! அதைக் கேட்டபோது நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டதை இங்கே விவரிக்க வேண்டியதில்லை.

2014இல் அரை ஏக்கரில் 60 கன்றுகள் நட்டோம். சாரலும் இலைமக்கு மண்ணும் அவற்றுக்குப் பிடித்துப்போயின. நீர் தேங்கிய மூலையில் நான்கு பட்டுப்போயின. 2017இல் தலையை வெட்டும் பருவம் வந்தது. அரிவாளோடு தோப்புக்குள் போய், வெட்டாமலேயே இருமுறை திரும்பி வந்தோம். கண்முன்னே வளர்ந்த பிள்ளையின் தலையில் கைவைப்பதுபோல் இருந்தது. மூன்றாம் முறை அண்ணாச்சியின் மனைவி, எங்கள் மதினி, களையெடுத்துக்கொண்டிருந்தவர் எழுந்து வந்து அரிவாளை வாங்கிக்கொண்டார்.

“எட்டாத ஒசரத்துல பூத்தா யாருக்குத் தம்பி லாபம்? ஏறுனவரத் தூக்கி ஒக்கார வைக்கிறவ நாந்தானே.”

எட்டாண்டுகளில் அவர் எங்களிடம் சொன்ன ஒரே கடுஞ்சொல் அது. அன்று மாலைக்குள் 56 மரங்களின் தலைகளும் தரையில் கிடந்தன.

பூப்பறிப்பிலும் மதினிதான் எங்களுக்கு ஆசான் ஆனார். யிலாங் பூ விரியும்போது பச்சையாகவே இருக்கும்; மணமும் மிகக் குறைவு. இரண்டு மூன்று வாரங்களில் மெல்ல மெல்ல மஞ்சளாகும். இதழின் அடியில் செந்நிறப் புள்ளி தோன்றினால்தான் எண்ணெய் நிறைந்துவிட்டது என்று பொருள். பச்சைப் பூ கலந்தால் எண்ணெயின் தரம் கெடும். கசங்கிய பூவோ கூடைக்குள்ளேயே புளிக்கத் தொடங்கிவிடும். ஆகவே விடியற்காலையில் பறித்து, வெயில் ஏறுமுன் வாலையில் இட்டுவிட வேண்டும். வாலை என்பது வேறொன்றுமில்லை. சித்த மருத்துவர்கள் தீநீர் இறக்கும் அதே முறைதான். எங்களுடையது எவர்சில்வரில் செய்தது, அவ்வளவே. கொதிநீரின் ஆவி பூக்களினூடே ஏறி, மணத்தைச் சுமந்துகொண்டு குழாய்க்குள் நுழைந்து, குளிர்ந்து நீராகும். எண்ணெய் அதன்மேல் மிதக்கும்.

2019இல் முதன்முறையாக வடித்தோம். மூவர் இரண்டு மணி நேரம் பறித்த பூ 12 கிலோ. கிடைத்த எண்ணெய் 200 மில்லிலிட்டருக்குச் சற்றுக் குறைவு. நூற்றுக்கு இரண்டு பங்கு கிடைத்தாலே நல்ல மகசூல் என்பார்கள். எங்களுக்கு அது குறைவன்று.

இந்த எண்ணெயின் விசித்திரம், அது ஒரே எண்ணெயாக வருவதில்லை என்பது. முதல் ஓரிரு மணி நேரத்தில் இறங்குவது ‘எக்ஸ்ட்ரா’. இனிமையும் விலையும் உச்சம். உயர்ந்த வாசனைத் திரவியங்களுக்குப் போவது அதுவே. பின்னர் முதல் தரம், இரண்டாம் தரம், மூன்றாம் தரம் என்று, எளிதில் ஆவியாகாத கூறுகள் ஒவ்வொன்றாக இறங்கும். கடைசித் தரம் சோப்புக்குத்தான் போகும். முழுவதும் இறங்க ஏறத்தாழ ஒரு நாள் தீ எரிய வேண்டும். கொமரோஸில் இந்தத் தீக்காகவே காடுகள் அழிந்துவருகின்றன என்பதைப் படித்திருந்தோம். எங்களுக்குத் தென்னை மட்டையும் சிரட்டையும் கைகொடுத்தன. ஆயினும், ஒரு குப்பி மணத்துக்குப் பின்னால் குவிந்த சாம்பலை அள்ளியபோது, விலை என்ற சொல்லுக்கு நாங்கள் அதுவரை கொண்டிருந்த பொருள் போதாது என்று தோன்றியது.

மறுநாள் காலை நான்கு சிறு குப்பிகளோடு அண்ணாச்சியின் வீட்டுக்குப் போனோம். திண்ணையில் சாய்ந்தபடி ஒவ்வொன்றாக வாங்கி முகர்ந்தார். எக்ஸ்ட்ராவை மூக்கருகே கொண்டுபோனவர், “கல்யாண வீடு மாதிரி இருக்கு” என்று உடனே திருப்பிக் கொடுத்துவிட்டார். கடைசிக் குப்பியை மட்டும் கண்களை மூடிக்கொண்டு வெகுநேரம் வைத்திருந்தார்.

“இதுலதாம்ல மரத்து வாசம் இருக்கு.”

பத்தாண்டுகளாக அவர் எந்த மரத்தின் அருகிலும் போகவில்லை என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றோம். மதினி குப்பியை அவர் கையிலிருந்து வாங்கி, மூடி, மாடத்தில் வைத்தார்.

இன்று யிலாங் எண்ணெய் விற்ற வருவாயில் மூன்றில் ஒரு பங்கு அந்த வீட்டுக்குப் போகிறது. அதை ஈடு என்று நாங்கள் சொல்லிக்கொள்வதில்லை. பறிப்பது மதினி, எனவே அது அவருடைய பங்கு. மூன்றாம் தர எண்ணெயில் ஒரு குப்பியை மட்டும் ஒவ்வொரு முறையும் விற்காமல் எடுத்து வைக்கிறோம்.

பழைய செண்பகம் இன்னும் நிற்கிறது. அதன் தலையில் நாங்கள் கைவைக்கவில்லை, யாரும் ஏறுவதுமில்லை. பழம் வெடிக்கும் பருவத்தில் செவ்விதைகளைத் தேடிப் பறவைகள் வருகின்றன. சாரற்காலத்தில் தானாக உதிரும் பூக்களை மதினி மடியில் கட்டிக்கொண்டு போகிறார்.

எங்களிடம் கேட்டுக்கொண்டு எடுப்பதில்லை. கேட்க வேண்டியதுமில்லை.